கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் புண், படத்தில் மட்டும் சிவப்பு: மாத்திரை ஏன் தரவில்லை?

தெம்பனீஸ்_மகள் கேட்கிறார்:

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 68. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவு உள்ளவர். இவ்வாண்டு தைப்பூசத்தன்று, நாங்கள் எவ்வளவோ தடுத்தும் கேளாமல், இங்கே சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை பால்குடத்துடன் வெறுங்காலில் நடந்தார். வலது பெருவிரலின் அடிப்பகுதியில், உள்ளங்கால் பக்கமாக, ஒரு கொப்புளம் வந்தது. வலி தெரியாததால் அவரும் சொல்லவில்லை. நாங்கள் கவனித்தபோது பத்து நாள் கடந்து, கொப்புளம் உடைந்து இருபது காசு நாணயத்தின் அளவுக்குப் புண்ணாகியிருந்தது.

அன்றுமுதல் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) வாரம் இருமுறை கட்டு மாற்றி வருகிறோம். முதல் ஆறு வாரங்களில் பாதியாகச் சுருங்கிய புண், அதன்பின் அப்படியே நின்றுவிட்டது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை. நடுவில் ஒருமுறை பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தோலில் வழக்கமாக இருக்கும் கிருமிகள்தாம் உள்ளன என்று முடிவு வந்தது.

சென்ற வாரம் ஒரு மருத்துவமனையின் புண் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டோம். அங்கிருந்த தாதி அறை விளக்குகளை அணைத்துவிட்டு, கைக்கு அடக்கமான ஒரு கருவியால் புண்ணின்மீது ஊதா நிற ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுத்தார். புண்ணின் நடுப்பகுதி பச்சையாகத் தெரிந்தது. ஆனால் ஓர் ஓரத்தில், தடித்த தோலை ஒட்டி, பிறை வடிவில் சிவப்பாக ஒளிர்ந்தது. அங்கே கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா அதிகமாக இருக்கலாம் என்றார். பிறகு அந்த ஓரத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடியும் படம் எடுத்தபோது சிவப்பு பெரும்பாலும் மறைந்திருந்தது. அவ்வளவுதான். புதிய கட்டு போட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கிருமி இருப்பதைப் படம்பிடித்துக் காட்டிவிட்டு, அதைக் கொல்ல ஒரு மாத்திரைகூடத் தராதது என்ன நியாயம் என்று அப்பா வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. ஆய்வகம் இல்லை என்றதை இந்தக் கருவி எப்படி உண்டு என்கிறது? எதை நம்புவது? இன்னொன்று: இணையக் கடைகளில் 395, 405 நானோமீட்டர் என்று எழுதப்பட்ட ஊதா ஒளிக் கைவிளக்குகள் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி வீட்டிலேயே தினமும் பார்த்துக்கொள்ள முடியுமா?

முன்னாள்_தாதி_ஈசூன் பதிலளிக்கிறார்:

தங்கை, உங்கள் அப்பா கேட்கும் கேள்வி எனக்குப் புதிதன்று. நான் தாதியாக வேலை பார்த்த கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் புண் பராமரிப்பிலேயே கழிந்தன. மாத்திரை தராமல் அனுப்பினால் வைத்தியமே பார்க்கவில்லை என்று நினைக்கும் பெரியவர்களை வாரம் தவறாமல் சந்தித்திருக்கிறேன்.

புண்ணில் கிருமி இருப்பது வேறு, புண்ணில் தொற்று ஏற்பட்டிருப்பது வேறு. திறந்த புண் எதுவும் கிருமி இல்லாமல் இருப்பதில்லை. கிருமிகள் வந்து ஒட்டுவது, தங்கிப் பெருகுவது, பெருகிப் புண் ஆறுவதைத் தடுப்பது, பிறகு சுற்றியுள்ள சதைக்கும் இரத்தத்துக்கும் பரவுவது என்று இது படிப்படியாகப் போகும். உங்கள் அப்பாவின் புண் அநேகமாக மூன்றாவது படியின் தொடக்கத்தில் நிற்கிறது: வெளியே அறிகுறி எதுவும் தெரியாது, ஆனால் ஆறிக்கொண்டிருந்த புண் காரணமின்றி நின்றுவிடும். நீரிழிவுக் கால் குறித்த சர்வதேசப் பணிக்குழுவும் அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கமும் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வீக்கம், புண்ணைச் சுற்றி அரை சென்டிமீட்டருக்கு மேல் பரவிய சிவப்பு, தொட்டால் வலி, சூடு, சீழ் ஆகியவற்றில் இரண்டேனும் இருந்தால்தான் அதைத் தொற்று என்று கொள்ள வேண்டும். தொற்று இல்லாத காற்புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. கிருமிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவுகட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆகவே, படத்தில் தெரிந்த சிவப்பு மாத்திரைச் சீட்டு ஆகாது.

கொடுத்தால்தான் என்ன, கெடுதலா என்று அடுத்து கேட்பார். நீண்ட நாள் ஆறாத புண்ணில் பாக்டீரியாக்கள் தனித்தனியே திரிவதில்லை. தாமே சுரக்கும் கோழைக்குள் கூட்டமாகப் பதுங்கி ஒரு படலமாகப் படிகின்றன. பல் துலக்காவிட்டால் பல்லில் படியும் வழவழப்பும் அத்தகைய படலந்தான். 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாட்பட்ட புண்கள் ஐம்பதை நுண்ணோக்கியில் பார்த்தபோது 60 விழுக்காட்டில் இப்படலம் இருந்தது, புதுப் புண்கள் பதினாறில் ஒன்றில் மட்டுமே இருந்தது. விழுங்கும் மாத்திரை இரத்தத்தின் வழியாகத்தான் புண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். இருபது ஆண்டு நீரிழிவில் பாதத்தின் சிறு இரத்தக் குழாய்கள் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்த கொஞ்சநஞ்ச மருந்தும் படலத்தை எளிதில் துளைக்காது. படலத்தின் அடியில் சோம்பிக் கிடக்கும் கிருமிகள் அதைப் பொருட்படுத்துவதும் இல்லை. வயிற்றுப்போக்கும், அடுத்த முறை உண்மையாகவே தொற்று வரும்போது வேலை செய்யாத மருந்தும்தான் மிஞ்சும்.

சுரண்டினால் படலம் உடையும். அதனால்தான் அந்தத் தாதி சுரண்டினார், சுரண்டிய பிறகு மறுபடியும் படம் எடுத்தார். உங்கள் அப்பாவுக்கு அன்று நடந்த வைத்தியம் அதுதான் என்று சொல்லுங்கள். எங்கள் காலத்தில் எங்கே சுரண்டுவது, எப்போது நிறுத்துவது என்பதைக் கைப்பழக்கத்தால் ஊகித்தோம். புண்ணின் நடுவில் மஞ்சளாகத் தெரிவதைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெள்ளையாகத் தடித்திருக்கும் விளிம்பை அப்படியே விட்டுவிடுவோம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஓராண்டில் இந்தக் கருவியை நான் பயன்படுத்திய சில பேரில், சிவப்பு பெரும்பாலும் அந்த விளிம்பின் அடியில்தான் ஒளிந்திருந்தது. எத்தனை புண்களை இப்படி அரைகுறையாகச் சுத்தம் செய்து அனுப்பியிருப்பேன் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சுரண்டிய படலம் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் கட்டிக்கொள்ளத் தொடங்கும். ஆகையால் இரண்டு வாரம் கழித்துத்தான் அடுத்த சந்திப்பு என்றால், இடையில் பலதுறை மருந்தகத்தில் கட்டு மாற்றும்போது விளிம்பைச் சீவிச் சுத்தம் செய்ய முடியுமா என்றும், கிருமி எதிர்ப்புத் தன்மையுள்ள கட்டுப்பொருள் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். படத்தின் நகலை உங்கள் கைப்பேசியில் வாங்கிக்கொள்வதும் நல்லது. இரண்டு இடத்துத் தாதிகளும் ஒரே படத்தைப் பார்த்து வேலை செய்தால் புண்ணுக்குப் பெரிய நன்மை.

நுண்ணுயிர்_மேசை பதிலளிக்கிறார்:

நான் மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் அறிக்கையும் அந்தப் படமும் முரண்படுகின்றன என்று நினைக்க வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு இடத்தைப் பார்த்துப் பேசுகின்றன.

பஞ்சுக்குச்சி மாதிரியை எடுக்க நல்ல முறை ஒன்று உண்டு: புண்ணை உப்புநீரால் கழுவிவிட்டு, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் குச்சியை அழுத்தி, ஐந்து விநாடி சுழற்றி, உள்ளிருந்து நீர் கசிந்து வரச் செய்து எடுக்க வேண்டும். இதை 1976 முதல் லெவின் முறை என்கிறார்கள். அந்த ஒரு சதுர சென்டிமீட்டர் எது என்பதில்தான் சிக்கல். உங்கள் அப்பாவின் புண்ணில் கிருமிகள் ஓரத்தில் பிறைபோல் இருந்தன என்கிறீர்கள். குச்சி நடுவில் அழுந்தியிருந்தால் எங்கள் தட்டில் எதுவும் பெரிதாக வளர்ந்திருக்காது. படலத்துக்குள் ஒட்டிக்கிடப்பவை குச்சியில் எளிதில் ஏறுவதுமில்லை. தவிர, மாதிரி வந்து, வளர்ந்து, இனம் காணப்பட்டு, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துச் சொல்ல இரண்டு மூன்று நாள் ஆகும். படம் அங்கேயே, அந்த நிமிடமே கிடைக்கிறது.

இனி அந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். பல பாக்டீரியாக்கள், நம் இரத்தச் சிவப்பணுக்களில் உள்ளதைப் போன்ற ஹீம் என்னும் பொருளைத் தாமே தயாரிக்கின்றன. அந்தத் தயாரிப்பின் இடைநிலையில் போர்பிரின் என்ற பொருள்கள் சேர்கின்றன. 405 நானோமீட்டர் அளவிலான ஊதா ஒளி பட்டால் போர்பிரின் அதை உறிஞ்சிக்கொண்டு சிவப்பாக உமிழும். நம் தோலின் கொலாஜன் என்ற புரதம் அதே ஒளியில் பச்சையாகத் தெரியும். பச்சைப் பின்னணியில் சிவப்பு என்று நீங்கள் கண்டது அதுதான். சாயம் எதையும் தடவ வேண்டியதில்லை. சூடோமோனாஸ் எரூஜினோசா மட்டும் தனி ரகம். இரும்பைக் கவர அது சுரக்கும் பயோவெர்டின் என்ற பொருளால் நீலமும் பச்சையும் கலந்து பளிச்சென ஒளிரும். இந்த ஒளிர்வைக் கண்டால் எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும், ஏனெனில் அது பல மருந்துகளுக்குப் பணியாத கிருமி.

இந்த உத்தி இன்று நேற்று வந்ததன்று. 1903இல் ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்டுபிடித்த வடிகட்டியை வைத்துத் தோல் மருத்துவர்கள் நூறாண்டாகத் தலைப் படைநோயையும், அக்குளில் வரும் செம்படையையும் ஊதா ஒளியில் பார்த்து வருகிறார்கள். செம்படைக்குக் காரணமான பாக்டீரியாவும் போர்பிரினால்தான் பவளச் சிவப்பாக ஒளிர்கிறது. புண்ணுக்கென்று இதைக் கையடக்கக் கருவியாக்கியவர்கள் கனடாவின் டொராண்டோவில் உள்ளவர்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் அதற்கு அனுமதி தந்தது. வீட்டுத் தாதியர் சிலர் இங்கே பயன்படுத்தும் குரோனிகேர் போன்ற உள்ளூர்க் கருவிகள் வேறு வகை. அவை புண்ணின் அளவையும் சூட்டையும் பார்ப்பவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கருவி காட்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் ஆகும். ஒரு கிராம் திசுவில் ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு மேல் கிருமி இருந்தால்தான் ஒளிர்வு தெரியும். ஒளி தோலுக்குள் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும், அதற்குக் கீழே, எலும்பில், சந்து போன்ற பொந்துகளில் என்ன இருந்தாலும் தெரியாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், என்டரோகாக்கஸ் இனங்கள் போர்பிரின் தயாரிப்பதில்லை, அவை எவ்வளவு இருந்தாலும் கருவிக்குக் கண் தெரியாது. இரத்தம் ஊதா ஒளியை விழுங்கி அந்த இடத்தைக் கறுப்பாக்கிவிடும். சிவப்பாகத் தெரிவது ஸ்டெஃபிலோகாக்கஸா, இ கோலையா, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதெல்லாம் படத்தில் வராது, அதற்கு மறுபடியும் எங்கள் மேசைக்குத்தான் வர வேண்டும். ஒரு நல்ல மாற்றம் என்னவென்றால், தொற்று வரும் நாளில் அந்தப் பிறையைக் குறிவைத்தே மாதிரி எடுக்கலாம், குருட்டாம்போக்கில் எடுக்க வேண்டாம்.

கைவிளக்கு வாங்க வேண்டாம். விளக்கின் ஒளி கருவியின் ஒளியை ஒத்திருக்கலாம், ஆனால் கருவியின் கெட்டிக்காரத்தனம் விளக்கில் இல்லை, கேமராவுக்கு முன்னால் உள்ள வடிகட்டியில் இருக்கிறது. திருப்பி எதிரொளிக்கும் ஊதாவை அது தடுத்துவிட்டு, மங்கலான பச்சையையும் சிவப்பையும் மட்டும் உள்ளே விடுகிறது. வெறும் விளக்கில் அந்த ஊதா வெள்ளத்தில் சிவப்பு மூழ்கிப்போகும். சலவைத்தூளில் உள்ள வெளுப்பேற்றும் பொருளால் துணி நூலெல்லாம் நீலமாக மின்னும், அதைச் சூடோமோனாஸ் என்று எண்ணிப் பயப்படுவீர்கள். உங்கள் மூக்கின்மேல் அடித்துப் பார்த்தாலும் முகப்பரு பாக்டீரியாவால் செம்புள்ளிகள் தெரியும். நலமான மூக்கு அது. கண்ணுக்கு நேரே பட்டால் விழித்திரைக்கும் கேடு.

ஒரு_விரல்_குறைவு பதிலளிக்கிறார்:

மேலே இருவரும் சொன்னவற்றில் பிழை இல்லை. ஆனால் இங்கே அனைவரும் கருவியைப் பற்றியே பேசுவதால், கால் உள்ளவர் தரப்பிலிருந்து நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. எனக்கு 2016இல் இடது காலின் இரண்டாம் விரலை எடுத்தார்கள். நீரிழிவுக்கு எதிரான போர் என்று சுகாதார அமைச்சு அறிவித்த அதே ஆண்டு. என் விரல் அந்தப் போரில் முதலில் விழுந்தவற்றுள் ஒன்று என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

என் புண்ணும் மேலே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. உள்ளே எலும்பு அரித்துக்கொண்டிருந்தது. ஆய்வகக்காரர் சொன்ன ஒன்றரை மில்லிமீட்டரை நினைவில் வையுங்கள்: என் விரலுக்கு அந்தக் கருவி பிடித்திருந்தால் பச்சை என்று காட்டியிருக்கக்கூடும். உலோகக் குச்சியால் குத்திப் பார்த்து எலும்பு தட்டுகிறதா என்று சோதிப்பதும் எக்ஸ்ரேயும்தான் அங்கே உதவும். உங்கள் அப்பாவுக்கு இவ்விரண்டும் நடந்தனவா என்று முதலில் கேளுங்கள்.

இந்தக் கருவி பற்றிக் கிடைத்ததையெல்லாம் அப்போதிலிருந்து படித்து வருகிறேன். எல்லாரும் மேற்கோள் காட்டுவது 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு: 14 மையங்களில் 350 புண்கள். அவற்றில் 287 புண்களில் கிருமிகள் அதிகம் இருந்ததைத் திசு ஆய்வு உறுதிசெய்தது. வழக்கமான அறிகுறிகளை மட்டும் பார்த்த மருத்துவர்கள் அவற்றில் ஏறக்குறைய 15 விழுக்காட்டைத்தான் கண்டுபிடித்தார்கள், படமும் சேர்ந்தபோது 61 விழுக்காடு ஆனது. பெரிய முன்னேற்றம்தான், ஐயமில்லை. ஆனால் படம் இருந்தும் நூற்றுக்கு 39 தப்பிவிட்டன என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. ஆய்வுக்கு நிதி தந்தது கருவியைச் செய்யும் நிறுவனம். கிருமியைக் கண்டுபிடிப்பதும் புண் ஆறுவதும் ஒன்றா என்று கேட்டால், 2022இல் பிரிட்டனில் நீரிழிவுக் காற்புண் உள்ள 56 பேரை இரு பிரிவாக்கிப் பார்த்த ஒரு முன்னோட்ட ஆய்வு கிடைக்கிறது. பன்னிரண்டு வாரத்தில் படம் எடுத்துச் சுத்தம் செய்யப்பட்டவர்களில் 45 விழுக்காட்டினருக்கும், மற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் புண் ஆறியது. நம்பிக்கை தரும் எண்கள். ஆனால் 56 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது, அதை நடத்தியவர்களே முன்னோட்டம் என்றுதான் பெயரிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கருவியின் பக்கம் சாய்கிறேன். தாதி அம்மா சொன்ன அந்த ஐந்து அறிகுறிகளை எண்ணிப் பாருங்கள். நரம்பு மரத்துப்போன காலில் வலி தெரியாது. இரத்த ஓட்டம் குறைந்த காலில் சூடும் வீக்கமும் மட்டுப்படும். நம்மவர்களின் கறுத்த தோலில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? எனக்கு அது பழுப்பும் கறுப்புமாகத்தான் மாறியது, வெயிலில் கறுத்தது என்று நானே நினைத்துக்கொண்டேன். ஐந்தில் நான்கு போய்விட்டால் சீழ் வரும் வரை காத்திருப்பதுதான் வழி. 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இங்குள்ள இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, ஒட்டுமொத்த அளவோ 11.3. அறிகுறி தெரியாத தோலும் நமக்கே, நோயும் நமக்கே அதிகம் என்றால், தோலின் நிறத்தை நம்பாத ஒரு சோதனை நமக்குத்தான் முதலில் தேவை.

ஆனாலும் உள்ளங்கால் புண்ணுக்கு முதல் மருந்து அந்த இடத்தில் எடை விழாமல் காப்பது. உங்கள் அப்பா வீட்டுக்குள் எதை அணிந்து நடக்கிறார் என்று நீங்கள் எழுதவே இல்லையே? முழங்கால் வரை வரும், கழற்ற முடியாத கட்டுக் காலணியைத்தான் இத்தகைய புண்ணுக்கு முதல் தேர்வாகச் சொல்கிறார்கள். நான் கழற்றக்கூடியதைக் கேட்டு வாங்கிக் கழற்றியே வைத்திருந்தேன்.

தெம்பனீஸ்_மகள்:

மூவருக்கும் மிக்க நன்றி. எலும்பைக் குச்சியால் தொட்டுப் பார்த்தார்கள், தட்டவில்லை. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள், சரியாக இருந்ததாம். ஐயா கேட்டது சுருக்கென்று தைத்தது. மருத்துவமனையில் தந்த தனிக் காலணி வாசலிலேயே கிடக்கிறது. வீட்டுக்குள் செருப்புப் போடுவது அவருக்குப் பழக்கமில்லை. சாமி அறை இருக்கிறதே என்கிறார். வெளியே போடாத புதுக் காலணியை வீட்டுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்ததில், நேற்றிலிருந்து கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார்.

இதையெல்லாம் அவரிடம் படித்துக் காட்டியபோது இன்னொன்று வெளிவந்தது. சென்ற மாதம் முதல், நாங்கள் வேலைக்குப் போன பிறகு, கட்டைப் பிரித்து விளிம்பில் பச்சிலை விழுது தடவியிருக்கிறார். தேக்காவில் நண்பர் ஒருவர் குப்பைமேனிக் கீரையும் பச்சை மஞ்சளும் அரைத்துப் போடச் சொன்னாராம். மருத்துவமனைக்குப் போவதற்கு முந்தின நாள்கூடத் தடவியிருக்கிறார். கழுவிவிட்டுத்தான் போனேன் என்கிறார். திட்டுவதா அழுவதா என்று தெரியவில்லை. இதனால் அந்தப் படத்துக்கு ஏதாவது பாதிப்பு உண்டா?

நுண்ணுயிர்_மேசை:

உண்டு. இதை நீங்கள் கேட்டது நல்லதாயிற்று. மஞ்சளில் உள்ள குர்குமின் ஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சையாக வலுவாக ஒளிரும். அது சிவப்பை மூடி மறைக்கலாம். இலையின் பச்சையமோ இன்னும் குழப்பம் தரும்: ஊதாவை உறிஞ்சிக்கொண்டு 670, 680 நானோமீட்டர் அளவில் சிவப்பாக உமிழும் இயல்பு அதற்கு உண்டு. பாக்டீரியாவின் போர்பிரின் உமிழ்வது பெரும்பாலும் 620 முதல் 640க்குள். கருவியின் சிவப்பு வடிகட்டி போர்பிரினுக்கு மட்டும் ஒதுக்கியதன்று, இலையின் ஒளிர்வில் ஒரு பகுதியும் உள்ளே வரலாம். திரையில் இரண்டும் சிவப்புதான். ஆக, நீங்கள் கண்ட பிறை முழுவதும் கிருமியாக இருக்கலாம், ஒரு பகுதி தடித்த தோலின் வெடிப்புகளில் தங்கிய இலைத்துணுக்காகவும் இருக்கலாம். சுரண்டியதும் மறைந்தது என்பதை வைத்துத் தீர்மானிக்க முடியாது, சுரண்டினால் இரண்டும் போகும்.

வேறுபடுத்த ஒரு வழி, சுரண்டுவதற்கு முன் உப்புநீரால் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு படம் எடுப்பது. மேலே ஒட்டிய இலை பெரும்பாலும் போய்விடும், திசுவுக்குள் இருப்பது நிற்கும். அடுத்த முறை கழுவுவதற்கு முன்பும் பின்பும் எடுக்கச் சொல்லுங்கள். அதோடு, பச்சை இலையிலும் கிழங்கிலும் மண்ணில் வாழும் பாக்டீரியா இருக்கும், சூடோமோனாஸ் உட்பட. திறந்த புண்ணில் அதை அரைத்துப் போடுவது எங்கள் மேசைக்கு வேலை தேடித் தருவதாகும்.

முன்னாள்_தாதி_ஈசூன்:

தங்கை, அப்பாவைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார். என் அம்மாவும் அடிபட்ட இடத்தில் மஞ்சள் வைத்துத்தான் எங்களை வளர்த்தார். தோல் மூடிய வீக்கத்துக்கும் திறந்த காற்புண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அவருக்குச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். என்ன இலை, கடைசியாக எப்போது தடவினார், எந்த ஓரத்தில் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைச் சொன்னால் கோபிப்பார்கள் என்று பயப்பட வேண்டாம். விழுது, களிம்பு, பொடி எது போட்டிருந்தாலும் படம் எடுப்பவருக்குத் தெரிய வேண்டும், தெரியாமல் போனால் அவர் தேவையில்லாத இடத்தில் கத்தி வைக்க நேரிடும். கட்டைப் பிரிப்பதை அவர் நிறுத்தினாலே கிருமிகள் நுழையும் பெரிய வாசல் ஒன்று அடைபடும். அடுத்த சந்திப்புக்கு முன்பே புண்ணைச் சுற்றி நிறம் மாறினாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, சர்க்கரை காரணமின்றி ஏறினாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிக்கொண்டு போங்கள். அப்போது மாத்திரை, ஏன் ஊசிகூட, அவர் கேட்காமலேயே தருவார்கள்.

தெம்பனீஸ்_மகள்:

எழுதிவிட்டேன், அக்கா. இலையின் பெயரையும் நாளையும் அப்பா தம் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார், அது எதற்கு என்று தெரியவில்லை. மிச்சமிருந்த விழுதை அம்மா குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொட்டிவிட்டார். பலதுறை மருந்தகத்தில் வியாழக்கிழமை கட்டு மாற்றும்போது விளிம்பைப் பற்றிக் கேட்கிறேன். மருத்துவமனையில் கழுவும் முன்னும் பின்னும் எடுக்கும் படங்கள் கிடைத்ததும் இங்கே வந்து சொல்கிறேன்.